சொல்தாவாக வந்தவரின் வீடு

லக்னோவில் கோமதி ஆற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் நிலவறையில் ஒரு கல்லறை. கல்லறைமேல் உள்ள பளிங்குப் பலகையில் ஆங்கிலத்தில் சில வரிகள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மேஜர் ஜெனரல் கிளாட் மார்ட்டின். 1735 ஜனவரியில் லியோன் நகரில் பிறந்தார். சாதாரணச் சிப்பாயாக இந்தியா வந்தார். 1800 செப்டம்பர் 13-ம் தேதி லக்னோவில் மேஜர் ஜெனரலாக இறந்தார். இந்தக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்."

தங்கை செல்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 'சாதாரணச் சிப்பாயாக' என்ற இடம் வந்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சொல் உண்டு. சொல்தா.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் எங்கள் தெருக்களில் புழங்கிப் புழங்கித் தமிழாகிவிட்டது. ஒவ்வொரு தெருவிலும் ஒரு சொல்தா வீடு இருக்கும். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும், அலமாரியில் பதக்கம் இருக்கும், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஒரு கிழவர் இருப்பார். எங்கள் தெருவில் அது எங்கள் வீடு. தாத்தா இந்தோசீனப் போருக்குப் போய்வந்தவர். சொல்தாவாகப் போனார், சொல்தாவாகவே திரும்பினார். உப்பளம் கல்லறையில் அவருக்கு ஒரு சிமெண்ட் சிலுவை வைத்திருக்கிறோம்.

அதனால்தான் அந்த ஒரு வரி எங்களைப் பிடித்து நிறுத்தியது. இன்னொரு காரணமும் இருந்தது. 'இந்தியா வந்தார்' என்று கல்லில் இருக்கிறது. எங்கே வந்து இறங்கினார் என்று இல்லை. அவர் வந்து இறங்கியது எங்கள் ஊரில்.

தங்கையின் கணவருக்கு லக்னோவுக்கு மாற்றலாகி இரண்டு வருடம் ஆகிறது. "வாங்கண்ணே, ஒரு வாரம் இருந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன ஏப்ரலில்தான் போக முடிந்தது. இமாம்பாரா, ரெசிடென்சி எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியாகத்தான் லா மார்ட்டினியேர் கல்லூரிக்குப் போனோம். கல்லூரி என்று பெயர் இருந்தாலும் பள்ளிக்கூடம்தான். இன்றும் பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டு வாங்கியிருந்தோம். உள்ளே போகும்வரைக்கும் அந்தப் பெயருக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தொடர்பு எனக்குத் தெரியாது. இதைச் சொல்வதில் எனக்கு வருத்தம்தான். வந்த பிறகு பல மாதம் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரான்சின் லியோனிலிருந்து கிளம்பும்போது மார்ட்டினுக்குப் பதினாறு வயது. 1751-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பெயர் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அப்போது இங்கே துய்ப்ளெக்ஸ் கவர்னர். ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து தினமும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பிரெஞ்சுக்காரர்களின் கை ஓங்கியிருந்த கடைசி வருடங்கள் என்றும் சொல்லலாம். 1754-ல் துய்ப்ளெக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். 1758-ல் பிரெஞ்சுப் படைத்தளபதியாக லாலி வந்தார். மார்ட்டின் லாலியின் மெய்க்காவல் குதிரைப்படையில் இருந்தார்.

லாலியைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. தைரியசாலிதான், ஆனால் யாரையும் மதிக்காத முன்கோபி. சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. 1759-ல் அவர்கள் கலகமே செய்தார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்ற பிறகு பிரெஞ்சுக்காரர்களிடம் மிஞ்சியது புதுச்சேரியும் அதைச் சுற்றிய சில கோட்டைகளும்தான். ஆங்கிலேயப் படை வந்து ஊரை வளைத்தது. அந்த வருடம்தான் கிளாட் மார்ட்டின் பிரெஞ்சு அணியை விட்டு ஆங்கிலேயர் பக்கம் போனார். அவர் மட்டும் போகவில்லை, நிறையப் பேர் போனார்கள்.

முற்றுகை நீண்டது. ஊருக்குள் தானியம் தீர்ந்துகொண்டே வந்தது. வாய்களைக் குறைப்பதற்காக லாலி ஒரு வேலை செய்தார். கறுப்பர் நகரம் என்று அவர்கள் சொன்ன பகுதியில் இருந்த குடிகளை, ஆண் பெண் குழந்தை என்று பார்க்காமல், ஏறக்குறைய ஆயிரத்து நானூறு பேரை மதிலுக்கு வெளியே துரத்தினார். வெளியே ஆங்கிலேயப் படை அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. திரும்பி வந்தால் உள்ளேயிருந்து சுட்டார்கள். இரண்டு படைக்கும் நடுவே, எட்டு நாள், கிடைத்த வேரையும் புல்லையும் தின்றுகொண்டு அலைந்தார்கள். அப்புறம்தான் வழி விட்டார்கள். அவர்கள் எங்கள் ஜனங்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. லக்னோவில் அந்தப் பளிங்குப் பலகையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த எட்டு நாளும் கூடவே வந்து நிற்கிறது.

1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அதே மாதத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையும் இறந்துபோனார். பிடித்த ஊரை ஆங்கிலேயர்கள் அப்படியே விடவில்லை. கோட்டையையும் வெள்ளை நகரத்தின் பெரும்பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று சுற்றுலா வருபவர்கள் படம் எடுக்கும் மஞ்சள் சுவர் வீடுகள் எல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை. மார்ட்டின் வாலிபத்தில் எட்டு வருடம் நடந்த தெருக்களில் அவர் கண்ணால் பார்த்த கட்டடம் எது மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் ரங்கப்பிள்ளை வீடு இருக்கிறது. மரத்தூணும் முற்றமுமாக அது அவர் வருவதற்கு முன்பே கட்டப்பட்டது. வேறு அதிகம் இல்லை.

ஆங்கிலேயர் பக்கம் போனவர் வங்காளத்தில் படிப்படியாக மேலே வந்தார். வரைபட நிபுணர் ரென்னலின் கீழ் நிலஅளவை வேலை பார்த்தார். கணக்கிலும் வரைபடத்திலும் கெட்டிக்காரர். 1775-ல், லக்னோவைச் சுற்றியிருந்த அவத் ராஜ்ஜியத்தின் நவாப் ஆஸஃப் உத் தௌலா தன் தலைநகரத்தை ஃபைசாபாத்திலிருந்து லக்னோவுக்கு மாற்றினார். அடுத்த வருடம் அங்கே ஆயுதசாலையைக் கவனிக்கும் பொறுப்பு மார்ட்டினுக்குக் கிடைத்தது. சம்பளம் ஆங்கிலேயக் கம்பெனியிடமிருந்து, வேலை நவாபின் ஊரில். அந்த இடைவெளியில் அவர் பெரும் சொத்துச் சேர்த்தார். பீரங்கி வார்த்தார், மணி வார்த்தார். வட்டிக்குக் கடன் கொடுத்தார், நவாபுக்கே கொடுத்தார். ஐரோப்பாவிலிருந்து சாமான் வரவழைத்து விற்றார். கான்பூர் பக்கம் நஜஃப்கரில் அவுரி பயிரிட்டு நீலச்சாயம் எடுத்தார். கடைசியில் வடஇந்தியாவில் இருந்த ஐரோப்பியர்களிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவராகிவிட்டார்.

பணம் சேர்த்தவர்கள் பலர் உண்டு. இவரிடம் எனக்குப் பிடித்தது அந்தக் கை. எதையும் தானே செய்து பார்க்கும் கை. பாரிஸில் முதல் பலூன் பறந்தது 1783-ல். அடுத்த சில வருடங்களிலேயே இவர் லக்னோவில் பலூன் விட்டுக்காட்டினார். 1782-ல் இவருக்குச் சிறுநீர்ப்பையில் கல். அந்தக் காலத்து அறுவை சிகிச்சை என்றால் பாதிச் சாவு. இவர் ஒரு மெல்லிய கம்பியின் முனையை அரம் மாதிரி செய்துகொண்டு, குழாய் வழியே உள்ளே செலுத்தி, கல்லைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக ராவி எடுத்தார். ஒரு நாளில் பல தடவை, ஆறு மாதம்போல. கல் பொடிந்து வெளியேறியது. பிறகு இதை லண்டன் மருத்துவர்களுக்கு எழுதியும் அனுப்பினார். மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் இதைக் குறிப்பிடுகிறார்கள். படிக்கும்போதே எனக்கு அடிவயிறு கூசியது. அந்தப் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

ஊருக்குள் அவர் குடியிருந்த வீடு வேறு. கோமதிக் கரையை ஒட்டி, ஆற்றுத் தண்ணீரையே வீட்டின் பாகமாக வைத்துக் கட்டினார். கீழ்த்தளங்கள் ஆற்று மட்டத்தில் இருந்தன. கோடையில் அந்தக் குளிர்ந்த அறைகளில் இருப்பார். மழைக்காலத்தில் ஆறு ஏற ஏற, கீழ் அறைகளில் தண்ணீர் புகும். இவர் ஒரு தளம் மேலே போவார். இன்னும் ஏறினால் இன்னொரு தளம். வெள்ளம் வடிந்ததும் கீழே கழுவித் துடைத்து, வண்ணம் அடித்து, மறுபடி இறங்கி வருவார். ஆற்றோடு ஏறி இறங்குகிற வீடு. அதன் பெயர் ஃபர்ஹத் பக்ஷ் என்று பின்னால் ஆனது. ஏன் பின்னால் என்று அப்புறம் சொல்கிறேன். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

நாங்கள் நின்ற மாளிகை அதற்குப் பிறகு கட்டியது. 1795 வாக்கில், அறுபது வயதில், மேஜர் ஜெனரல் பதவி கிடைத்த காலத்தில், ஊருக்கு வெளியே இந்த மாளிகையைத் தொடங்கினார். அந்த இடத்துக்கு லாக் பேரா என்று பெயர். லட்சம் மரம் என்று அர்த்தம். பெரிய தோப்பு. நடுவே எழுப்பிய வீட்டுக்கு கான்ஸ்டான்ஷியா என்று பெயர் வைத்தார். 'லபோரே எத் கான்ஸ்டான்ஷியா' என்று லத்தீனில் அவருடைய கொள்கை வாசகம் முகப்பிலேயே இருக்கிறது. உழைப்பாலும் உறுதியாலும் என்று பொருள். சொந்த ஊரில் கான்ஸ்டன்ஸ் என்று ஒரு பெண் இருந்தாள், அவள் நினைவாக வைத்த பெயர் என்று ஒரு கதையும் சொல்கிறார்கள். எனக்கு லத்தீன் வாசகமே போதும்.

வாசலில் நின்று முதல்முறை பார்க்கும்போது கண் எங்கே நிற்பது என்று திணறும். இரண்டு பக்கமும் வளைந்து விரியும் இறக்கைகள். நடுவே மாடிமேல் மாடியாகக் குறுகிக்கொண்டே போய், உச்சியில் ஒன்றையொன்று குறுக்காகத் தொடும் வளைவுகள். மேல்விளிம்பு முழுக்கச் சிலைகள். கிரேக்க தேவதைகள், ஆட்டிடையர்கள், பெரிய பெரிய சிங்கங்கள். சிங்கங்கள் வாயைப் பிளந்து நிற்கின்றன. இரவில் அவற்றுக்குள் விளக்கேற்றினால் வாயும் கண்ணும் ஒளிரும்படி செய்திருந்தாராம். பாதி ஐரோப்பா, பாதி அவத். ஐரோப்பிய விமர்சகர்கள் சிலர் இதைக் கலவரமான கட்டடம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் கண்டதையெல்லாம் ஒரே வீட்டில் கொண்டுவர ஆசைப்பட்ட மனிதருடைய கட்டடம் இது. அந்த ஆசை ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

கிட்டப் போய்ப் பார்த்தால்தான் வேலைப்பாடு புரிகிறது. ஒரு தூணின் அடியில் காரை பெயர்ந்த இடத்தில் உள்ளேயிருக்கும் செங்கல் தெரிந்தது. கையகலத்துக்கு, பலகைபோல மெல்லிசாக இருந்தது. லக்கௌரி செங்கல் என்கிறார்கள். தூரத்திலிருந்து கல்லில் செதுக்கியதுபோலத் தெரிவதெல்லாம் இந்தச் சின்னச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். கூரைக்கு மர உத்தரம் இல்லை, எல்லாம் செங்கல் வளைவுகள். மரம் செல்லரிக்கும், தீப்பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். சுவர்களுக்குள்ளேயே காற்று ஏறி இறங்க வழி வைத்திருக்கிறார். ஏப்ரல் வெயில் வெளியே கொளுத்தியது. கூடத்துக்குள் நுழைந்ததும் தங்கை துப்பட்டாவைத் தலையிலிருந்து இறக்கினாள்.

மேடைமேல் ஒரு வெண்கலப் பீரங்கி இருக்கிறது. 1786-ல் மார்ட்டின் வார்த்தது. பெயர் லார்ட் கார்ன்வாலிஸ். திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1792-ல் நின்ற பீரங்கி இது. அந்தப் படையெடுப்பில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் உதவி அதிகாரியாக மார்ட்டினும் கூடவே போயிருந்தார். முப்பது வருடத்துக்கு முன் பிரெஞ்சுக்காரர்களுக்காகத் தெற்கே குதிரை ஏறியவர், ஆங்கிலேயர்களுக்காக மறுபடி தெற்கே வந்திருக்கிறார். பீரங்கியின் வாயை உள்ளங்கையால் தடவிப்பார்த்தேன். வெயிலில் சுட்டது.

சரி, கல்லறைக்கு வருகிறேன்.

1800 ஜனவரி 1-ம் தேதி, உடம்பு முடியாத நிலையில், அவர் ஒரு நீண்ட உயில் எழுதினார். அந்த உயிலை நான் படித்த அளவுக்கு வேறு எந்த ஆவணத்தையும் இவ்வளவு நெருக்கமாகப் படித்ததில்லை. தன் உடம்பை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கொத்தனாருக்கோ தச்சருக்கோ சொல்வதுபோல எழுதியிருக்கிறார். உப்பிட வேண்டும், அல்லது சாராயத்தில் போட வேண்டும், அல்லது தைலமிட்டுப் பதப்படுத்த வேண்டும். பிறகு ஈயப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்த ஈயத் தகடு எங்கேயிருந்து? 'என் கிடங்கில் இருக்கிறது' என்கிறார். ஈயப் பெட்டியை இரண்டு அங்குலக் கனமுள்ள ஷீஷம் பலகையால் செய்த இன்னொரு பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஷீஷம் என்றால் நம் ஈட்டி மரத்துக்கு உறவான மரம். அதை கான்ஸ்டான்ஷியாவின் நிலவறையில், வடகிழக்குப் பக்கம் இருக்கும் சின்ன வட்ட அறையின் நடுவே வைத்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கல்லறை எழுப்பி, மேலே எழுத்துப் பொறித்த பளிங்கு வைக்க வேண்டும். நான் மேலே கொடுத்த வாசகமும் அவரே எழுதிக்கொடுத்ததுதான். இறக்கும் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அந்த இடம் அதே வருடம் செப்டம்பரில் நிரம்பியது.

வீடு அப்போது முழுதாக முடியவில்லை. அவர் இறந்த பிறகு 1802 வாக்கில்தான் முடித்தார்கள். ஆக, அவர் அந்த மாளிகையில் உயிரோடு குடியிருந்ததே இல்லை என்று சொல்லிவிடலாம். கல்லறையாகத்தான் அதற்குள் குடிபுகுந்தார்.

ஏன் இப்படி? லக்னோவில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்கிறார்கள். எங்களைக் கீழே கூட்டிப்போன காவலாளியும் அதையே சொன்னார். நவாப் ஆஸஃப் உத் தௌலா இந்த மாளிகையைப் பார்த்து ஆசைப்பட்டு விலை பேசினாராம். பேரம் முடிவதற்குள் நவாப் இறந்துபோனார். தனக்குப் பிறகு எந்த நவாபும் இதை எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்று மார்ட்டின் சாஹிப் தன் உடம்பையே உள்ளே புதைக்கச் சொல்லிவிட்டார். பிணம் புதைத்த வீட்டில் முஸ்லிம் அரசர் குடியேற மாட்டார் அல்லவா?

கதை என்பதால் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவத் நவாபின் ராஜ்ஜியம். அங்கே ஓர் ஐரோப்பியர் கட்டிய வீடு அவர் காலத்துக்குப் பிறகு யாருக்குப் போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இதை இவர் நன்றாக அறிந்திருந்தார் என்பது உயிலிலேயே தெரிகிறது. லாக் பேராவில் இருக்கும் வீட்டை விற்கக் கூடாது, அது என் உடம்புக்கு நினைவிடம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். இன்னொரு சாட்சி, முன்னால் பாதியில் விட்ட அந்த ஆற்றங்கரை வீடு. அவர் வாழ்ந்த வீடு, அவர் இறந்த வீடு. அதில் யாரையும் புதைக்கவில்லை. அவர் போன பிறகு நவாப் சாதத் அலி கான் அதை வாங்கினார். நோயாக இருந்த நவாபுக்கு அங்கே தங்கியபோது உடம்பு தேறியதால் ஃபர்ஹத் பக்ஷ், மகிழ்ச்சி தருவது, என்று பெயர் வைத்தார். நாளடைவில் அது சத்தர் மன்ஸில் அரண்மனையின் ஒரு பகுதியாகிவிட்டது. புதைத்த வீடு பள்ளிக்கூடமாகவே இருக்கிறது. புதைக்காத வீடு அரண்மனைக்குள் கரைந்துபோனது. அந்த மனிதர் போட்ட கணக்கு தப்பவில்லை.

அந்தக் கணக்கின் மறுபாதியும் உயிலில்தான் இருக்கிறது. மூன்று ஊர்களில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று எழுதினார். பிறந்த லியோன், கம்பெனியின் கல்கத்தா, வாழ்ந்த லக்னோ. கடனுக்காகச் சிறையில் கிடப்பவர்களை மீட்கவும், ஏழைகளுக்கு அன்றாடம் தானம் கொடுக்கவும் பணம் ஒதுக்கினார். தன்னிடமிருந்த அடிமைகளை விடுவித்தார். ஆனால் உயில் நீதிமன்றத்தில் சிக்கிப் பல பத்து வருடம் இழுத்தது. லியோனில் 1833-ல், கல்கத்தாவில் 1836-ல், லக்னோவில் 1845-ல்தான் பள்ளிகள் திறந்தன. லக்னோவில் அவர் கல்லறைக்கு மேலேயே வகுப்பறைகள் வந்தன. அதற்குள் அவர் போய் நாற்பத்தைந்து வருடம். நெடுங்காலம் அங்கே ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள்தான் படித்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் தாராளமாக உள்ளே வந்தது மிகவும் பிந்தித்தான்.

வழிகாட்டிகள் அதிகம் சொல்வது 1857. அதை நான் சுருக்கமாகவே சொல்கிறேன். கிளர்ச்சி தொடங்கியதும் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் ஆங்கிலேயர்கள் இருந்த ரெசிடென்சிக்குக் கொண்டுபோனார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட பையன்கள் முற்றுகைக்குள் மாதக்கணக்கில் இருந்து கோதுமை அரைத்தார்கள், செய்தி கொண்டு ஓடினார்கள், காயம்பட்டவர்களுக்கு விசிறினார்கள். அதற்காகப் பின்னாளில் பட்டாளத்துக்குக் கொடுப்பதுபோலப் பள்ளிக்குப் போர் விருது கொடுத்தார்கள். காலியாகக் கிடந்த கான்ஸ்டான்ஷியாவில் கிளர்ச்சிப் படை இருந்தது. புதையல் இருக்கும் என்று நினைத்தோ, கோபத்திலோ, யாரோ கல்லறையைப் பெயர்த்துவிட்டார்கள். எலும்புகள் சிதறிக் கிடந்தன. கல்லறையைச் சுற்றி நான்கு சிப்பாய்ச் சிலைகள் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றித் துக்கம் காத்து நின்றிருந்தன. அவையும் உடைந்துபோயின. பிறகு எலும்புகளைத் திரட்டி மறுபடி அடக்கம் செய்தார்கள். சிலைகள் திரும்ப வரவில்லை. டெல்லியில் முகலாய இளவரசர்களைச் சுட்டுக்கொன்ற ஹாட்சனின் கல்லறையும் இதே வளாகத்தில்தான் இருக்கிறது. அதன் பக்கம் எனக்குப் போகத் தோன்றவில்லை.

அந்த நான்கு சிலைகள் நின்ற வட்ட அறையை நினைத்துப் பார்க்கிறேன். இப்போது அது எளிமையான அறை. வெள்ளையடித்த வளைவுக் கூரை, நடுவே தாழ்வான கல்லறை. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது. உள்ளே சுண்ணாம்பு வாசம். காவலாளி செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, ஆனால் அவர் கழற்றினார், நாங்களும் கழற்றினோம். தரை பாதத்துக்குக் குளிர்ந்தது. இடைவேளை மணி அடித்தது. மேலே எங்கோ நூறு கால்கள் ஓடுகிற சத்தம் அந்தத் தடித்த வளைவுகள் வழியே மெதுவாக, இடி உருளுவதுபோலக் கேட்டது. காவலாளி மேலே கையைக் காட்டிச் சிரித்தார். வருடா வருடம் செப்டம்பர் 13 அன்று நிறுவனர் நாள் கொண்டாடுவார்கள், அன்றைக்கு இங்கே மலர்வளையம் வைப்பார்கள் என்றார்.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள். "அண்ணே, இவருக்குப் பெண்சாதி பிள்ளை யாரும் இல்லையா?"

இருந்தார்கள். அந்த வளாகத்திலேயே, மாளிகையிலிருந்து தள்ளி, முஸ்லிம் முறைப்படி எழுப்பிய ஒரு சின்னக் கல்லறைக் கட்டடம் இருக்கிறது. கோரி பீபி மக்பரா என்கிறார்கள். அதில் அடக்கமாகியிருப்பவர் பெயர் பூலோன் லீஸ். சிறு பெண்ணாக இருக்கும்போதே ஒரு பிரெஞ்சுக்காரர் அவரை விலைக்கு வாங்கியிருந்தார். அவரிடமிருந்து மார்ட்டின் வாங்கினார். இதை மார்ட்டினே உயிலில் எழுதியிருக்கிறார். படிக்க எழுதச் சொல்லிக்கொடுத்தேன், பிள்ளைபோல வளர்த்தேன், வயது வந்தபின் யாரையாவது கட்டிக்கொள்ளச் சொன்னேன், அவள் என்னோடு இருக்கவே விரும்பினாள் என்கிற தோரணையில் போகிறது அந்தப் பகுதி. பூலோன் தன் பக்கத்தை எங்கேயும் எழுதிவைக்கவில்லை. விலைக்கு வாங்கப்பட்ட ஒரு பெண் குழந்தை 'விரும்பினாள்' என்று வாங்கியவர் எழுதுவதை நான் எப்படி நம்புவது? நம்பாமல் இருக்கவும் என்னிடம் ஆதாரம் இல்லை. அன்பு இருந்திருக்கலாம். அன்பு இருந்தாலும் வாங்கியது வாங்கியதுதான்.

அவர்கள் ஒரு பையனைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். சுல்ஃபிகர் என்றும் ஜேம்ஸ் என்றும் அவனுக்கு இரண்டு பெயர். பூலோனும் அந்தப் பையனும் மீன் பிடித்துக்கொண்டிருப்பதுபோல ஓர் ஓவியம் உண்டு. அதில் பூலோன் நம்மைப் பார்க்காமல் வேறு எங்கோ நினைவாக இருக்கிறார் என்று எனக்குப் படும். மார்ட்டின் போன பிறகு நாற்பத்துநாலு வருடம் அவர் இருந்தார். 1844-ல் இறந்தார். அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தது. ஒரே ஒரு வருடம் தாண்டியிருந்தால் அந்த மாளிகையில் பிள்ளைகள் சத்தத்தை அவரும் கேட்டிருப்பார்.

முன்பக்கம் ஏரி இருக்கிறது. அதன் நடுவே சுமார் 125 அடி உயரத்தில் ஒரு தூண். லாட் என்கிறார்கள். திரும்பும்போது அதன் நிழல் தண்ணீரில் நீளமாக விழுந்திருந்தது. தங்கை அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். கூடவே, 'நம்ம ஊர் சொல்தா கல்லறை' என்று எழுதியிருந்தாள்.

ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். லாலி ஜனங்களை வெளியே துரத்திய இடத்தில் அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் பட்டாளம் மாறிப்போனதைச் சொன்னேன். "சம்பளம் குடுக்காதவன்கிட்ட எவ்ளோ நாள் இருப்பான்" என்று மட்டும் சொன்னார். தாத்தா இந்தோசீனாவிலிருந்து எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் சம்பளம் எப்போது வரும் என்பதுதான் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார். அந்தக் கடிதங்களை நான் பார்த்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் பரண் ஒழுகி எல்லாம் நனைந்துபோயிற்றாம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். முதல் நாளே உப்பளம் போய்த் தாத்தாவின் சிலுவைக்கு வெள்ளையடித்துவிட்டு வந்தோம். இறந்தவர்களுக்காகப் பூசை வைக்க, பெயர்களை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டுக் கோவிலில் கொடுப்பது எங்கள் வழக்கம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தாத்தா, பாட்டி, பெரியப்பா, இளம் வயதில் போன சித்தி என்று வரிசையாக எழுதினார். வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டு ஒருவர் கல்லில் எழுதிவைத்திருக்கிறார், நான் அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். யார் என்று கேட்காமலே அம்மா 'மார்ட்டின்' என்று எழுதினார்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன சொன்னே?"

"பூலோன். அவங்க முஸ்லிம்மா."

அம்மா பேனாவைத் தாளில் வைத்தபடியே இருந்தார். "எந்தப் பூ? குறிலா, நெடிலா?"

நெடில் என்றேன். அப்படியே எழுதினார். அதற்குக் கீழே, பெயர் தெரியாததால், 'மதிலுக்கு வெளியே துரத்தப்பட்டவர்கள்' என்று நான் எழுதினேன்.